போனில் படமெடுத்து விளையாட எதைப் போடலாம்? எங்கள் வீட்டில் ஆடிப் பார்த்த கணக்கு

ஒன்றரை வருஷத்துக்கு முன் பொங்கலுக்கு ஆற்காட்டில் பெரியம்மா வீட்டில் கூடியிருந்தோம். பதினான்கு பேர், பதினோரு ஸ்மார்ட்போன். சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொரு மூலையில் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அண்ணன் மகள்தான் ஆரம்பித்தாள்: "சித்தப்பா, எப்படியும் எல்லாரும் போனைத்தான் நோண்டறோம். சேர்ந்து ஒரு போட்டோ கேமாவது ஆடலாமே?"

அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் நிற்கவில்லை. நடுவில் ஐந்து விதமாக ஆடிப் பார்த்துவிட்டோம். வேலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன் நான். எதைப் பார்த்தாலும் வரவு என்ன, செலவு என்ன, கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன என்று மூன்று பத்தி போட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அதனாலோ என்னவோ, தெரிந்தவர்கள் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். காட்பாடியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு பையன், பிரிந்து போகப்போகும் நண்பர்களோடு ஆட ஏதாவது வேண்டும் என்றான். சத்துவாச்சாரியில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, ஆறாவது படிக்கும் மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், எதைப் போட்டுக் கொடுப்பது என்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நல்ல கேமரா உள்ள போன் வாங்கிவிட்டு, எடுத்த படங்களை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் இருக்கிறார்.

மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

முதலில், எதை வைத்து எடை போடுவது

ஆரம்பத்தில் நாங்கள் பார்த்தது இரண்டே விஷயம்: இலவசமா, எல்லோர் போனிலும் ஓடுமா. அந்த இரண்டும் அவ்வளவு முக்கியமில்லை என்று பிறகு தெரிந்தது. பெரும்பாலானவை இலவசமாகத்தான் தொடங்குகின்றன, ஐந்து வருஷப் பழைய போனில்கூட ஓடுகின்றன.

முக்கியமான கேள்வி, படமெடுக்கும் நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பது. ஆப் முடிவு செய்கிறதா, நீங்களா, அல்லது எதிரில் வந்து உட்காரும் பட்டாம்பூச்சியா? இந்த ஒன்றிலேயே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும்.

அடுத்தது, படத்தை யார் பார்க்கிறார்கள். சொந்தக்காரர்கள் பார்ப்பதும் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் பார்ப்பதும் ஒன்றில்லை. மூன்றாவது, படத்துக்குள் விழும் அடுத்தவர் முகம். நான்காவது, எடுத்த இடம். வீட்டு மொட்டை மாடியில் எடுத்த படம், வீடு எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடக்கூடும். பணம் ஐந்தாவது. கடைசியாக, எத்தனை நாள் ருசி தாங்கும். இது மட்டும் ஆடிப் பார்த்தால்தான் தெரியும்.

பிரீயல்: ஆப் கூப்பிடும்போது ஓடி வர வேண்டும்

பிரான்சிலிருந்து வந்தது. 2022-ல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கான அந்த வருஷத்துச் சிறந்த ஆப் என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தது. 2024-ல் வூடூ என்ற பிரெஞ்சு விளையாட்டு நிறுவனம் 50 கோடி யூரோவுக்கு வாங்கியது. ஆட்டம் ரொம்பச் சுலபம். ஒரு நாளைக்கு ஒரு முறை, எந்த நேரம் என்று சொல்லாமல், மணி அடிக்கும். இரண்டு நிமிஷத்துக்குள் படமெடுக்க வேண்டும். முன் கேமராவும் பின் கேமராவும் சேர்ந்தே எடுக்கும். எதிரில் இருப்பதும் விழும், உங்கள் முகமும் விழும். நீங்கள் போடாதவரை மற்றவர்கள் போட்டது மங்கலாகத்தான் தெரியும். தாமதமாகவும் போடலாம், ஆனால் எவ்வளவு தாமதம் என்பதைப் படத்தின் மேலேயே எழுதிவிடும். எத்தனை தடவை திருப்பி எடுத்தீர்கள் என்பதையும் காட்டிக் கொடுக்கும். நேரத்துக்குப் போட்டால் அன்றைக்குக் கூடுதலாக ஓரிரு படம் போட அனுமதி கிடைக்கும்.

முதல் மாதம் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. பெரியப்பா ஷேவ் பண்ணும்போது பாதி நுரையோடு எடுத்த படமும், குடியாத்தத்து அத்தை இட்லித் தட்டைத் தூக்கும்போது ஆவியில் முகமே தெரியாமல் விழுந்த படமும் வேறு எந்த வழியில் கிடைத்திருக்கும்? போஸ் கொடுக்க நேரமில்லாததுதான் இதன் அழகு.

செலவு மெல்லத்தான் தெரிந்தது. அண்ணி நர்ஸ். டியூட்டியில் போன் லாக்கருக்குள் இருக்கும். அவர் படம் ஒவ்வொன்றும் "எட்டு மணி நேரம் தாமதம்" என்ற முத்திரையோடுதான் வரும், ஒவ்வொன்றிலும் அதே டவுன் பஸ் ஜன்னல். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் மாமா பையனுக்கும் அதே கதை; உற்பத்திக் கூடத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. கையில் எப்போதும் போன் வைத்திருக்கும் வேலையில் உள்ளவனுக்குத்தான் இந்த ஆட்டம் நியாயமானது என்று அண்ணி ஒருநாள் சொன்னார், கோபமாக இல்லை, சாதாரணமாக. அமெரிக்காவில் இருக்கும் இன்னொரு தம்பிக்கோ மணியே வேறு நேரத்தில் அடிக்கும். உலகத்தைச் சில மண்டலங்களாகப் பிரித்துத்தான் இது கூப்பிடுகிறது.

எனக்கே ஒரு அதிர்ச்சி நடந்தது. மாலை ஆறேகாலுக்கு ஆபீசில் மணி அடித்தது, சட்டென்று எடுத்துப் போட்டுவிட்டேன். பின் கேமராவில் என் கம்ப்யூட்டர் திரை. திரையில் ஒரு வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி கணக்கு, ஜிஎஸ்டி எண்ணோடு. டீ குடித்துக்கொண்டே மற்றவர்கள் படத்தைப் பார்க்கும்போதுதான் உறைத்தது. உடனே அழித்தேன். தவறு என்னுடையதுதான். ஆனால் இரண்டு நிமிஷ அவசரம் இல்லாவிட்டால் அந்தத் தவறு நடந்திருக்காது.

தம்பிக்கு நடந்தது இன்னும் சுவாரஸ்யம். சனிக்கிழமை காலை நேதாஜி மார்க்கெட்டில் முள்ளுக் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தான். பத்துக் காய் எடுத்திருப்பான், மணி அடித்தது. ஒரு கையில் பை, இன்னொரு கையில் போன். எதிரில் காய்க்காரம்மா. கிளிக்.

"இன்னாத்துக்கு நைனா என்னப் படம் புடிக்கிற?"

"ஒரு விளையாட்டும்மா, போன்ல."

"விளையாட்டுன்னா கத்திரிக்காய எடுத்துக்கோ. என் மூஞ்சி இன்னாத்துக்கு?"

அவன் அழித்துவிட்டு, காய்க் குவியலை மட்டும் எடுத்துப் போட்டான். "மூன்று நிமிஷம் தாமதம்" என்று முத்திரை விழுந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதற்குக் கத்தரிக்காய் விதி என்று பெயர்: கேட்காமல் யார் முகமும் படத்தில் விழக்கூடாது. எந்த ஆட்டம் ஆடினாலும் இந்த விதியைக் கூடவே எடுத்துக்கொண்டு போகிறோம்.

பிரீயல் யாருக்கு நல்லது என்றால், ஒரே மாதிரி நாளை வாழ்கிற, ஒருத்தரை ஒருத்தர் நன்றாகத் தெரிந்த ஏழெட்டுப் பேருக்கு. கல்லூரி மாணவர்களுக்கு இது பொருத்தம். இருப்பிடம் காட்டும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். ருசி எங்களுக்கு மூன்று மாதம் தாங்கியது. பிறகு லேப்டாப் திரை, பஸ் ஜன்னல், லேப்டாப் திரை என்று ஆகிவிட்டது. நிஜ வாழ்க்கை அப்படித்தான் இருக்கிறது. அதை ஆப்பின் குற்றம் என்று சொல்ல மாட்டேன்.

குருஷாட்ஸ்: முன்பின் தெரியாதவர்களின் ஓட்டு

இது நேர் எதிர். அவசரம் இல்லை, பழைய படத்தையும் போடலாம். "கதவுகள்", "நிழல்" என்கிற மாதிரி ஒரு தலைப்பு வரும், அதற்குப் பொருத்தமான படத்தைச் சேர்க்க வேண்டும். உலகம் முழுவதும் உள்ள ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டுச் சேரச் சேரப் பட்டம் உயரும், கடைசிப் பட்டம் குரு.

தலைமையாசிரியர் ஐயாவுக்கு இதைத்தான் முதலில் போட்டுக் கொடுத்தேன். கோட்டை அகழியில் அதிகாலையில் மதில் தலைகீழாகத் தெரியும் படம் ஒன்று வைத்திருந்தார். அதற்கு ஓட்டு விழ விழ அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் மார்க் போட்டவர், இப்போது மார்க்குக்குக் காத்திருந்தார்.

இங்கே மறைந்திருக்கும் செலவு உங்கள் நேரம். உங்கள் படம் மற்றவர்கள் கண்ணில் பட வேண்டுமானால் நீங்கள் மற்றவர்கள் படத்துக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மீட்டர் இருக்கிறது, போகப் போக இறங்கும். ஓட்டுப் போட்டால் ஏறும். சும்மா விட்டால் உங்கள் படம் பின்னுக்குப் போய்விடும். மீட்டரை ஒரேயடியாக நிரப்பவும், போட்ட படத்தை மாற்றவும், படத்தை முன்னுக்குத் தள்ளவும் தனித்தனி டோக்கன்கள் உண்டு. ஆடிச் சேர்க்கலாம், காசு கொடுத்தும் வாங்கலாம். ஓட்டு விழுவது படத்தின் அழகுக்கா, தள்ளிவிட்ட டோக்கனுக்கா என்ற சந்தேகம் அதனால் வரத்தான் செய்யும். ஐயா காசு போடவில்லை. ஆனால் ராத்திரி பத்தரைக்கும் ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவர் வீட்டம்மா என்னிடம்தான் புகார் சொன்னார்.

குடும்பமாக ஆட இது தோதுப்படாது. தனியாக, படக்கலையில் ஆர்வத்தோடு இருக்கிறவருக்குத் தோது. கூட்டத்தில் எடுத்த படம், குழந்தைகள் படம் எல்லாம் இங்கே வேண்டாம். பார்க்கிறவர்கள் யாரென்றே நமக்குத் தெரியாது.

ஐநேச்சுரலிஸ்ட், அதன் தம்பி சீக்

2008-ல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் படிப்பு முடிக்கும்போது செய்த வேலையாக ஆரம்பித்தது. இன்று லாப நோக்கமில்லாத தனி அமைப்பு. செடி, பூச்சி, பறவை, காளான் எதையாவது படமெடுத்துப் போட்டால், அது என்ன என்று ஆப் ஒரு ஊகம் சொல்லும். பிறகு தெரிந்தவர்கள் வந்து சரிபார்ப்பார்கள். பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துக்கொண்டால் அந்தப் பதிவு ஆய்வுத் தரத்துக்கு உயரும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் பயன்படுத்தும் தரவுக் கிடங்குகளுக்கும் போகலாம். இதை விளையாட்டு என்று சொல்லலாமா? நாங்கள் விளையாட்டாகத்தான் ஆடினோம். ஒரு மாதத்தில் யார் அதிக வகை பிடிக்கிறார்கள் என்று பந்தயம்.

இங்கே நேரம் ஆப்பின் கையிலும் இல்லை, நம் கையிலும் இல்லை. மொட்டை மாடிக்குப் பின்னால் காலி மனையில் எருக்கஞ்செடி நிற்கிறது. அதில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட ஒரு புழு. பதினைந்து வருஷமாக அந்த மனையைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆரஞ்சு நிறத்தில் சிறகு ஓரம் கறுத்த, எங்கும் பறக்கும் அந்தச் சாதாரணப் பட்டாம்பூச்சியின் புழு அது என்று தெரிந்தபோது, எட்டு வயது மருமகன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு புது மரியாதை இருந்தது. பந்தயத்தில் ஜெயித்தது அவன்தான். தரையோடு தரையாகப் படுத்து எடுக்க எங்களால் முடியவில்லை.

சீக் என்பது சிறுவர்களுக்கான வடிவம். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. கேமராவை நீட்டினால் பெயர் சொல்லும், பதக்கம் கொடுக்கும். படம் தானாக எங்கேயும் போகாது. ஆறாவது படிக்கும் பெண்ணுக்கு எதைப் போட்டுக் கொடுப்பது என்ற கேள்விக்கு நான் யோசிக்காமல் சொன்ன பதில் இதுதான். மற்ற ஆப்கள் பெரும்பாலும் 13 வயது கேட்கின்றன. நம் நாட்டில் 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் கொண்டு பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. சீக்கில் இந்தத் தலைவலி குறைவு.

மறைந்த செலவு ஒன்றுதான், ஆனால் முக்கியமானது. ஐநேச்சுரலிஸ்டில் இடம் வரைபடத்தில் புள்ளியாக விழும். வீட்டு வாசல் செம்பருத்தியில் உட்கார்ந்த தேன்சிட்டைப் பத்து முறை போட்டால் பத்துப் புள்ளியும் உங்கள் வீட்டைச் சுற்றித்தான். இருப்பிடத்தை மங்கலாக்கும் வசதி பதிவிடும்போதே உண்டு. அதை வைத்தால் புள்ளி பல கிலோமீட்டர் தள்ளி எங்கேயோ விழும். வீட்டைச் சுற்றி எடுப்பதற்கெல்லாம் அதைப் போட்டுவிடுங்கள். தொட்டியில் வளர்க்கும் ரோஜாவுக்கு ஆய்வுத் தரம் கிடைக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரியம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம்.

ஸ்னாப்சாட் ஸ்ட்ரீக்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இரண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் 24 மணி நேரத்துக்குள் படம் அனுப்பிக்கொண்டே இருந்தால் நெருப்புப் படத்துக்குப் பக்கத்தில் எண் ஏறும். ஒரு நாள் விட்டால் பூஜ்யம். அறுந்த தொடரைக் காசு கொடுத்து ஒட்டவைக்கும் வழியும் உண்டு. அண்ணன் மகளும் அவள் தோழியும் இருநூறு நாளைத் தாண்டியிருந்தார்கள். பரீட்சை நாளில்கூட, இருட்டில் போர்வையைப் படமெடுத்து அனுப்பிவிட்டுப் படுத்தாள். படத்தில் ஒன்றுமே இல்லை. எண்ணுக்காக எடுத்த படம், அவ்வளவுதான். இரண்டு பேருக்கு நடுவில் தினம் ஒரு தட்டு தட்ட வேண்டும் என்றால் சரி. படமெடுத்து விளையாட என்றால் இதை நான் சொல்ல மாட்டேன். நாம் இருக்கும் இடத்தை நண்பர்களுக்குக் காட்டும் வரைபடம் ஒன்று இதில் உண்டு; போடுகிறவர்கள் அதில் மறைந்திருக்கும் வசதியைப் போட்ட கையோடு இயக்கிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் நாமே நடத்துவது

நான்கையும் சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து உட்கார்ந்த இடம் இது. புது ஆப் வேண்டாம். பெரியம்மா உட்பட எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். "ஆற்காட்டு வீடு" என்ற எங்கள் குழுவிலேயே ஆரம்பித்தோம்.

திங்கட்கிழமை ஒருவர் தலைப்புச் சொல்வார். சனிக்கிழமை ராத்திரிக்குள் ஆளுக்கு ஒரே ஒரு படம், அந்த வாரம் எடுத்ததாக இருக்க வேண்டும். ஞாயிறு காலை வாக்கெடுப்பு. வாட்ஸ்அப்பிலேயே அதற்கான வசதி இருக்கிறது, பன்னிரண்டு பதில்வரை போடலாம். ஜெயித்தவர் அடுத்த வாரத் தலைப்பைச் சொல்வார். அண்ணிக்கு இப்போது முத்திரை விழுவதில்லை. ஆறு நாளில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

தலைப்பில்தான் எல்லாமே இருக்கிறது. "சூரிய உதயம்", "பூ" என்றெல்லாம் போட்டபோது வந்த படங்கள் காலை வணக்கம் மெசேஜ் மாதிரிதான் இருந்தன. ஆட்டம் சூடு பிடித்தது பெரியப்பா தலைப்புச் சொன்ன மாதத்தில். வேலூரைப் பற்றி நம் பக்கத்தில் ஒரு பழைய கேலி உண்டே: சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, அதிகாரமில்லாத போலீஸ். இன்னும் ஒன்றிரண்டு உண்டு, அத்தைமார் இருக்கும் குழுவில் அதையெல்லாம் போட முடியாது. இந்த ஐந்தையும் வாரத்துக்கு ஒன்றாக வைத்தார். நிபந்தனை ஒன்று: கோட்டைக்கும் பாலாற்றுக்கும் போய் நேரடியாக எடுக்கக்கூடாது, அவரவர் இருக்கும் இடத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

சாமியில்லாத கோயிலுக்குப் பெரியம்மா அனுப்பிய படம்: சுண்ணாம்பு அடிப்பதற்காக ஒழித்து வைத்த பூஜை அலமாரி. வெறும் பலகையில் எண்ணெய்க் கறை வட்டமாக, குங்குமம் சிந்திய கோடு. ஓரத்தில், கட்டில் மேல் முருகனும் லட்சுமியும் பழைய பேப்பரில் சுற்றிப் படுத்திருக்கிறார்கள். பதினோரு ஓட்டில் பத்து அதற்கு. பதினொன்றாவது ஓட்டு, தன் படத்துக்குத் தானே போட்டுக்கொண்ட என் தம்பியுடையது.

ராஜா இல்லாத கோட்டைக்கு மாமா கடையின் கல்லா, நாற்காலி காலியாக. மாமா டீ குடிக்கப் போன நேரம். அதிகாரமில்லாத போலீசுக்கு, ரோட்டோரம் நிறுத்தியிருந்த போக்குவரத்துப் போலீஸ் பொம்மை, தலையில் காக்கை. மரமில்லாத மலைக்கு மட்டும் ஐந்து பேர் ஒரே மாதிரிக் கட்டடம் கட்டும் மணல் குவியலை அனுப்பி ஓட்டுச் சிதறிவிட்டது.

தண்ணியில்லாத ஆறு வாரத்தில்தான் சண்டை வந்தது. அந்தக் கேலியே இப்போது செல்லாது என்றான் தம்பி. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நாமே பார்த்தோமே என்றான். சித்தப்பா விடவில்லை: "அப்படிப் பார்த்தா, 1981-லேயே கோட்டையில இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ள லிங்கம் திரும்ப வந்துடிச்சி. சாமியில்லாத கோயிலுன்னு மட்டும் எப்படி ஒத்துக்கின?" அன்றைக்குப் படத்தைவிட வாக்குவாதம்தான் ருசியாக இருந்தது. எந்த ஆப்பும் இதைத் தராது, ஏனென்றால் எங்கள் ஊர்க் கேலி அதற்குத் தெரியாது.

சரி, செலவு? இருக்கிறது. யாராவது ஒருவர் சலிக்காமல் நடத்த வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை என் தலையில். வாக்கெடுப்புப் போட மறந்த வாரம் மூன்று போன் வந்தது. ஜெயிக்காதவர் மனஸ்தாபம் உண்மையானது, ஏனென்றால் ஓட்டுப் போட்டவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். "என் படத்துக்கு உன் பொண்டாட்டிகூட ஓட்டுப் போடலியே" என்ற பேச்சையெல்லாம் கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன். அப்புறம் போனின் இடம் நிரம்பும். குழுவில் வரும் படம் தானாக கேலரியில் இறங்குவதை அமைப்பில் போய் நிறுத்திவிடலாம். பெரியம்மா போனில் அதைச் செய்து கொடுத்தது நல்லதாகப் போயிற்று.

இதைவிடப் பெரியது, குழுவுக்கு வெளியே படம் போவது. யார் வேண்டுமானாலும் யாருக்கும் அனுப்பலாம். அண்ணன் மகள் படம் ஒன்று இரண்டு கை மாறி, ஜாதகம் பார்க்கும் ஒருவர் போனில் போய் நின்றது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் அவள் ஒரு மாதம் ஆட்டத்துக்கே வரவில்லை. இப்போது கத்தரிக்காய் விதிக்கு இரண்டாவது பாதியும் உண்டு: குழுப் படம் குழுவோடு.

படத்தின் தரம் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். அனுப்பும்போதே ஹெச்டி தேர்ந்தெடுத்தால் கொஞ்சம் பரவாயில்லை. ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும், ஆனால் எடுத்த இடமும் கூடவே போகும்.

ஒரே பார்வையில்

| | நேரம் யார் கையில் | யார் பார்ப்பார்கள் | மறைந்த செலவு | எங்களுக்குத் தாங்கியது |
|---|---|---|---|---|
| பிரீயல் | ஆப் | சேர்த்த நண்பர்கள் | அவசரம், பின்னணியில் விழுபவை | மூன்று மாதம் |
| குருஷாட்ஸ் | நாம் | உலகம் | ஓட்டுப் போடும் நேரம், டோக்கன் ஆசை | ஐயாவுக்கு மட்டும், இன்றுவரை |
| ஐநேச்சுரலிஸ்ட் | பூச்சி, பறவை | உலகம் | வீட்டு இடம் வெளியே தெரிவது | மழைக்காலம் முழுக்க |
| சீக் | பூச்சி, பறவை | நாம் மட்டும் | ஏறக்குறைய இல்லை | மருமகனுக்கு இன்றுவரை |
| ஸ்னாப்சாட் ஸ்ட்ரீக் | கடிகாரம் | இரண்டு பேர் | விட முடியாமை | இருநூறு நாள், ருசி இருபது நாள் |
| வாட்ஸ்அப் ஆட்டம் | நாம் | குடும்பம் | நடத்துகிறவர் உழைப்பு, படம் வெளியே போவது | ஓடிக்கொண்டிருக்கிறது |

பணம் போகும் வழி

மேலே சொன்ன எதிலும் நாங்கள் ஒரு பைசா கட்டவில்லை. பணம் போனது இதில் சேராத வேறொரு ஆப்பில், பெயர் வேண்டாம். ஏழு நாள் இலவசம் என்று சொன்னது. தம்பி யுபிஐயில் தானியங்கிக் கட்டணத்துக்குச் சம்மதம் கொடுத்து ஆரம்பித்தான். எட்டாம் நாள் ஆப்பை போனிலிருந்து நீக்கிவிட்டு நிம்மதியாக இருந்தான். ஆப்பை நீக்கினால் சம்மதம் நீங்காது. இரண்டு மாதம் போன பிறகு, பாஸ்புக் பார்த்த நான்தான் கண்டுபிடித்தேன். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போய், உயிரோடு இருக்கும் சம்மதங்களைப் பார்த்து ரத்து செய்யுங்கள். எதை விளையாடினாலும் மாதம் ஒரு முறை அதைப் பார்ப்பது நல்லது.

நம் ஊரில் ஆடும்போது

கோயிலைத் தலைப்பாக வைக்காதீர்கள். கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. ஸ்ரீபுரம் பொற்கோயிலில் போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் எந்த மணி அடித்தாலும் போனை எடுக்காதீர்கள். வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து, களைத்துப் போய் உட்கார்ந்திருப்பார்கள். கத்தரிக்காய் விதி அங்கேதான் ரொம்பப் பொருந்தும்.

சித்திரை, வைகாசியில் மத்தியான ஆட்டமும் வேண்டாம். வெயிலில் பத்து நிமிஷம் கேமராவைத் திறந்து வைத்திருந்தால் போன் சூடாகி, கேமராவை மூடு என்று அதுவே எச்சரிக்கும். வேலூர் வெயிலுக்கு போனும் விதிவிலக்கில்லை.

கேட்டவர்களுக்குச் சொன்னது

ஹாஸ்டல் பையனுக்கு: பிரீயல், கடைசி செமஸ்டர் முழுக்க. பிரிந்து போன பிறகு ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு ஷிப்டில் அது ஓடாது. அப்போது வாட்ஸ்அப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றேன். லேப் உள்ளே, குளியலறைப் பக்கம் மணி அடித்தால் தாமத முத்திரையை வாங்கிக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னேன்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு: சீக், அதுவும் அம்மா போனில். அந்தப் பெண் இப்போது எங்கள் மாடிப்படியில் பல்லியைத் துரத்திக்கொண்டிருக்கிறாள். தோழிகள் எல்லாம் ஸ்னாப்சாட்டில் இருக்கிறார்களே என்று அவள் கேட்பது நிற்கவில்லை. அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

தலைமையாசிரியர் ஐயாவுக்கு: குருஷாட்ஸ் தொடரலாம், ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம். இதை அவர் வீட்டம்மா சொல்லச் சொன்னார். போன வாரம் ஐயாவை எங்கள் குழுவிலும் சேர்த்துக்கொண்டோம். சொந்தக்காரர் இல்லாத முதல் ஆட்டக்காரர். இந்த வாரத் தலைப்பு "மணியடிக்காத பள்ளிக்கூடம்". அவர் சொன்னதுதான். இன்றைக்கு வியாழன், இதுவரை இரண்டு படம்தான் வந்திருக்கிறது. பெரியம்மா மட்டும் முந்தாநாளே போட்டுவிட்டார்: திண்ணையில் கழற்றிப் போட்ட, பேட்டரி இல்லாத டைம்பீஸ்.